ஆமாங்க என்று சொல்லிக்கொடுத்தவன்

முப்பத்தோரு வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வக்கீல் குமாஸ்தா என்றால் கேஸ் கட்டு தூக்குகிறவன், வாய்தா தேதி குறிக்கிறவன், டீ வாங்கி வருகிறவன் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் நான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியது வேறு ஒன்றில். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு 'ஆமாங்க' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பேன். இதற்கு ஒரு வாத்தியார் வேணுமா என்று கேட்பீர்கள். வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாராயக் கேஸ்கள் வரும். கல்வராயன் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த ஆட்களைக் கோர்ட் வேப்பமரத்தடியில் குந்த வைத்திருப்பார்கள். காய்ச்சுகிறவன் ஒருத்தன், விற்கிறவன் ஒருத்தன், கோர்ட்டுக்கு வருகிறவன் மூன்றாவது ஆள். இது ஊருக்கே தெரியும். ஸ்டேஷனுக்குக் கேஸ் வேண்டும், வியாபாரிக்குத் தொழில் நடக்க வேண்டும். ரெண்டு பேரும் பேசி ஒரு ஆளைக் கொடுப்பார்கள். 'ஆள் கொடுப்பது' என்றே அதற்குப் பேர். கொடுக்கப்பட்ட ஆளை எங்கள் ஆபீசுக்கு அனுப்புவார்கள். நான் வேப்பமரத்தடிக்குப் போய் நிற்பேன்.

"ஐயா படிப்பாரு. படிச்சி முடிச்சி, குத்தத்த ஒத்துக்கிறியான்னு கேப்பாரு. ஆமாங்கன்னு சொல்லு. வேற வாயே தொறக்காத. புரிஞ்சிதா?"

"ஆமாங்க."

"என்கிட்ட இல்லடா, அவர்கிட்ட."

ஒருத்தன் பயத்தில் கூண்டில் ஏறிய உடனே 'ஆமாங்க' என்றான். "இன்னும் படிக்கவே இல்லையேய்யா" என்று மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டார். இன்னொருத்தன், "சாராயம் நான் காச்சலீங்க, இவுங்க சொன்னாங்கன்னு வந்தேங்க" என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தான். வெளியே வந்ததும் போலீஸ்காரர் அவனை அடிப்பதற்கு முன்னால் நான் திட்டினேன். "கெடுத்தியேடா குடிய" என்றேன். யார் குடியை என்று எனக்கே தெரியாது.

ஒத்துக்கொண்டால் அபராதம். அதை வியாபாரி கட்டிவிடுவார். சில நாள் மாஜிஸ்திரேட், 'கோர்ட் கலையும்வரை காவல்' என்பார். அப்படியென்றால் சாயங்காலம் கோர்ட் முடிகிற வரை ஹாலின் பின்பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. கோர்ட் கலைந்ததும் கச்சிராயபாளையம் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போய்விடலாம். மலையில் நிறையப் பேருக்குத் தண்டனை என்றாலே சாயங்காலம் வரை சும்மா உட்காருவது என்றுதான் நினைப்பு. அந்த நினைப்பை ஊட்டி வளர்த்தவர்களில் நானும் ஒருத்தன்.

அப்படி மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் உட்கார்ந்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரையும் நான் 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன். மலை ஆளை அப்படித்தான் கூப்பிடுவது எங்களுக்குப் பழக்கம். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். எழுதுவதில் என்ன நஷ்டம்?

கடுக்காயும் புளியும் பொறுக்கி, கீழ்நாட்டு வியாபாரி ஒருத்தருக்குப் போடுவார். அந்த வியாபாரி ஒருவர்தான் அந்தப் பக்கத்துக்கு வாங்குகிறவர், சாராயமும் அவர் கையில்தான். அவர் 'போய் ஒத்துக்கினு வா' என்றால் போகத்தான் வேண்டும். ஒரு தை மாசம் பஸ் மேலே ஏற்றிய கடுக்காய் மூட்டைகளுக்கு அடியில் கஞ்சா இருந்தது. மலையடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மூட்டைக்குப் பொறுப்பான வியாபாரியின் ஆள் எந்தப் பக்கமாக இறங்கிப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டையைத் தூக்கி ஏற்றிய இவர் மட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே வியாபாரி சொல்லி அனுப்பிவிட்டார், 'எப்பவும் போல ஒத்துக்கச் சொல்லுங்க' என்று. இவரும் ஸ்டேஷனிலேயே எப்பவும் போல ஒத்துக்கொண்டார்.

கஞ்சாவுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது அவருக்குத் தெரியாது. ஐந்து வருஷம் வரை போடலாம், மாஜிஸ்திரேட்டே விசாரிக்க முடியாது, ஜில்லா கோர்ட்டுக்குத்தான் போகும். வியாபாரிக்கும் அது சரியாகத் தெரியாது என்றுதான் இன்றுவரை என் மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியும். சட்டம் வந்த புதிதில் வக்கீல் படித்துவிட்டு மேஜையில் போட்ட புத்தகத்துக்கு அட்டை போட்டவனே நான்தான்.

ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட பட்டா வைத்திருக்கிற ஆள் வேண்டும். மலையில் பட்டாவுக்கு எங்கே போவது? ஒன்பது மாசம் ரிமாண்டிலேயே கிடந்தார். அவர் சம்சாரம் வாய்தாவுக்கு வாய்தா மலையிலிருந்து இறங்கி எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். கேட்பது ஒரே கேள்விதான்.

"எப்ப வருவாருங்க?"

அவள் அவசரம் எனக்குத் தெரியும். காட்டோரமாக அவர்கள் சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம் இருந்தது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து உழுகிற நிலம், கையில் காகிதம் கிடையாது. அந்த வருஷம் ஆடியில் உழ ஆள் இல்லை. சும்மா கிடந்தது. காட்டிலாகாக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த ஆடிக்கும் இப்பிடியே கெடந்தா கல்லு நட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புருஷன் அடுத்த ஆடிக்குள் வீடு திரும்ப வேண்டும். இல்லையென்றால் நிலம் போய்விடும். அந்தப் பொம்பளை கேட்டது அவ்வளவுதான்.

"வந்துடுவாருமா, நாங்க இருக்கோம்ல" என்பேன். நாங்கள் இருந்த லட்சணம் இனிமேல்தான் வருகிறது.

புரட்டாசியில் வழக்கு ஜில்லா கோர்ட்டில் எடுக்க வந்தது. அந்த வாரம்தான் எங்கள் பக்கம் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல். ரோட்டோரப் புளியமரமெல்லாம் வெட்டுப்பட்டுக் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் கிடையாது, லாரி கிடையாது, பேப்பர்கூட வரவில்லை. போராட்டம் எங்கள் ஜனங்களுடையது. படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், எங்கள் வீட்டிலேயே ஒருத்தன் இருந்தான், என் தம்பி. கேட்டது நியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அந்த வாரத்தில் எத்தனையோ வீடுகளில் நடக்கக் கூடாதது நடந்தது. அதைப் பேச நான் யோக்கியன் இல்லை, என் கதையை மட்டும் சொல்கிறேன்.

மறியலின் முதல் நாளே தம்பியைக் கோடாலியோடு பிடித்து ஜில்லா தலைநகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சைக்கிளை எடுத்தேன். தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டில் போக முடியவில்லை. ஏரிக்கரை, வரப்பு என்று சுற்றி, திருநாவலூர்ப் பக்கம் விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி, ரெண்டு நாளில் போய்ச் சேர்ந்தேன். வக்கீல் கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டார். கிளம்பும்போது அவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"போறதே போற, அந்த மலையாளு கேசுக்கு ஒரு வாய்தா வாங்கிடு. வக்கீல் வர முடியலன்னு சொல்லு, ஜட்ஜ் நல்ல மனுஷன், குடுத்துடுவாரு."

ஒரு வாய்தா. அவ்வளவுதான் நான் வாங்க வேண்டியிருந்தது.

காலையில் முதலில் தம்பியைத்தான் பார்த்தேன். மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் போலீஸ் வேனுக்குள் பத்து இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். சட்டை கிழிந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு ஜோர். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"மரம் வெட்டினியான்னு கேட்டா இல்லன்னு சொல்லு" என்றேன். "கோடாலி உன்னுதான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. உன் பேரு இதானான்னு கேட்டாக்கூட யோசிச்சி சொல்லு."

"எதுக்குண்ணா பொய் சொல்லணும்? வெட்டனேன்தான். நமக்காகத்தான வெட்டனேன். வெட்டனேன்னு நெஞ்ச நிமித்தி சொல்லிட்டு உள்ள போறேன்."

"அறைஞ்சிடுவேன் நாயே. ஒத்துக்கினா உன் பேருல குத்தம் ஏறிடும். நாளைக்கு கவர்மெண்டு வேல வந்தா கேப்பான். ஒத்துக்கவே கூடாது. சாட்சி வரட்டும், அவங்க நிரூபிக்கட்டும். வாய மூடிக்கினு இல்லன்னு மட்டும் சொல்லு. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். முகம் சுருங்கிப்போயிற்று. அவனை எப்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை. இதோ இதோ என்றார்கள். அதற்குள் மேலே ஜில்லா கோர்ட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஓடினேன்.

மலைக்காரர் வராந்தாவில் போலீஸ்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். வாய்தா வாங்குவதென்றால் மனு எழுத வேண்டும், கையெழுத்துப் போட அந்த ஊர் வக்கீல் யாரையாவது பிடிக்க வேண்டும், கூப்பிடுகிற வரை காத்திருக்க வேண்டும். எனக்கோ கீழே தம்பியைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று உயிர் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்பங்க வூட்டுக்கு?" என்று கேட்டார்.

யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவே இல்லை. ஒன்பது மாசம் இருந்தாகிவிட்டது, ஒத்துக்கொண்டால் இருந்த வரைக்கும் போதும் என்று விட்டுவிடுவார்கள், கேஸ் நடத்தினால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும், ஆடி போய்விடும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது நிஜம். ஆனால் அது கால் கீழே ஓடத் துடித்தபோது மனசு சேர்த்துக்கொண்ட சாக்கு.

"எப்பவும் போலதான்" என்றேன். "ஆமாங்கன்னு சொல்லிடு. முடிஞ்சிடும்."

அவர் முகம் தெளிந்தது. "அவ்ளோதானுங்களே?" என்றார்.

டவாலிச் சேவகர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் வக்கீல் இல்லாததால் ஜட்ஜ் அங்கேயே இருந்த ஓர் இளம் வக்கீலை அவருக்காக நிற்கச் சொன்னார். அந்தப் பையன் கட்டைப் பிரித்து ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "ஒத்துக்கிறாருங்க" என்று நானே சொன்னேன். அவனுக்கும் நிம்மதி.

ஜட்ஜ் உண்மையிலேயே நல்ல மனுஷன்தான். அவசரப்படவில்லை. குற்றச்சாட்டைப் படித்து, தமிழில் விளக்கி, கேட்டார்.

"ஒத்துக்கிறாயா?"

"ஆமாங்க."

"யாரும் மிரட்டாமல் நீயாகத்தான் சொல்கிறாயா?"

"ஆமாங்க."

"ஒத்துக்கொண்டால் தண்டனை கொடுப்பேன். தெரியுமா உனக்கு?"

"ஆமாங்க."

அவருக்குத் தெரியும்தான். மூன்று தடவை அனுபவித்திருக்கிறாரே, சுவரோரமாக.

ஜட்ஜ் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. எங்கள் கோர்ட்டில் இதை யாரும் கேட்டதும் இல்லை. மலைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு தடவை வாய் திறந்து, ஐயா, மூட்டை என்னுது இல்லீங்க, காட்டுல உழ ஆள் இல்லீங்க, பொண்டாட்டி தனியா கெடக்குறாளுங்க என்று சொல்லியிருந்தால் அந்த ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்திருப்பார். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"ஆமாங்க" என்றார்.

"சரி, சொல்லு."

"ஆமாங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளம் வக்கீல் எழுந்து, "குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார், கருணை காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்தான். ஒப்புக்கொண்டதைக் கருத்தில் கொண்டு ஐந்துக்குப் பதிலாக நான்கு வருஷம் கடுங்காவல். இருந்த ஒன்பது மாசம் கழியும். கூடவே அபராதம், கட்டாவிட்டால் மேற்கொண்டு ஆறு மாசம். வியாபாரி இந்த முறை கட்டவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூண்டிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நேராக ஹாலின் பின்பக்கம் போய், சுவரோரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிய்யா, போலாம்."

"சாயங்காலம் ஆவலீங்களே" என்றார் அவர்.

அங்கே நிற்க என்னால் முடியவில்லை. படியிறங்கி ஓடினேன். தம்பியைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தான். கெட்டிக்காரன், அண்ணன் சொல் தட்டாதவன்.

ஒரு காலைப் பொழுதில் ஒரே வாயால் ரெண்டு பேருக்குச் சொன்னேன். வெட்டினவனுக்கு இல்லை என்று சொல்லச் சொன்னேன், செய்யாதவனுக்கு ஆமாம் என்று சொல்லச் சொன்னேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது அதன் சொந்த வாய். இவரைக் கெடுத்தது என் வாய்.

ரோடு திறந்து வக்கீலைப் பார்த்தபோது கேஸ் கட்டை என் மேலேயே வீசினார். "எவன்டா அவன ஒத்துக்கச் சொன்னது? வாய்தாதான வாங்கச் சொன்னேன்? ஒத்துக்கினவனுக்கு அப்பீல் ஏதுடா? தண்டன ஜாஸ்தின்னு வேணா கெஞ்சலாம்!"

"அவனாவே சொல்லிட்டானுங்க சார்" என்றேன்.

அப்பீலில் கெஞ்சிப் பார்த்தார். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

மலைக்காரர் சம்சாரம் அதற்கப்புறம் ரெண்டு தடவை வந்தாள். முதல் தடவை அதே கேள்வியைக் கேட்டாள். நான்கு வருஷம் என்றதும் விரல்களை மடக்கிப் பார்த்தாள், எத்தனை ஆடி என்று. ரெண்டாவது தடவை எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனாள். மறியல் பிள்ளைகள்மேல் போட்ட கேஸ்களைக் கொஞ்ச நாளில் வாபஸ் வாங்கிவிட்டார்கள். கேட்ட ஒதுக்கீட்டில் பாதியோ முக்காலோ கிடைத்தது. தம்பிக்குக் கவர்மெண்டு ஆபீஸ் உத்தியோகமும் வந்தது. அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். நானும் சாப்பிட்டேன், தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வியாபாரியும் ஒரு நாள் மாட்டினார். வேறு மூட்டை, அதே ஸ்டேஷன். எங்கள் வக்கீலிடமே வந்தார். 'இல்லை' என்று சொன்னார். கேஸ் நடந்தது. பிடித்த இடத்திலேயே, மலையில் எழுதினதாகச் சொன்ன பறிமுதல் மகஜர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியது, சாட்சிக் கையெழுத்து வெள்ளைத்தாளில் முன்கூட்டியே வாங்கி வைத்தது என்று குறுக்கு விசாரணையில் நார் நாராகக் கிழிந்தது. விடுதலை. அன்று கேஸ் கட்டுகளை அடுக்கும்போது வக்கீல் பழைய கட்டு ஒன்றை உருவி என் முன்னால் போட்டார். மலைக்காரருடைய கட்டு. அதே சாட்சிகள், அதே கையெழுத்து, அதே மை.

"பாத்தியா" என்றார். "இது ஒரு நாள் தாங்கியிருக்காது."

அதற்குச் சில மாசம் கழித்து மலைக்காரர் விடுதலையாகி வந்தார். அபராதத்துக்கான ஆறு மாசத்தையும் இருந்து முடித்துவிட்டு வந்தார். தலை நரைத்துவிட்டது. ஆபீஸில் நான் மட்டும் இருந்தேன். உட்காரச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக 'வாங்க' என்றேன். அவருக்கு அது புரியவில்லை, நின்றுகொண்டே இருந்தார். மலைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். நிலத்தில் கல் நட்டுத் தைல மரம் வைத்துவிட்டார்களாம். சம்சாரம் கூட்டத்தோடு எஸ்டேட் வேலைக்குப் போனவள், எந்த எஸ்டேட் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லையாம். இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. மழை வந்தது, போச்சு என்கிற மாதிரி சொன்னார்.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றார். "உள்ள ஒருத்தர் சொன்னாரு. இல்லீங்கன்னு சொல்லியிருந்தா என்னிய அன்னிக்கே வுட்டிருப்பாங்களாம். நெஜமாங்களா?"

அவருடைய கட்டு என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

"எவன் சொன்னான்?" என்றேன். "இல்லன்னு சொல்லியிருந்தா முழுசா அஞ்சு வருஷம் போட்டிருப்பாங்க. ஒத்துக்கினதாலதான் ஒரு வருஷம் கம்மி ஆச்சு."

 பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார்.

"நானும் அதத்தாங்க அந்த ஆளுகிட்ட சொன்னேன். குமாஸ்தய்யா எனக்குக் கெடுதல் சொல்ல மாட்டாருன்னு."

ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.